ஆறடியில் தொடங்கிய மேஜை

முன்னறையில் கால் வைக்க இடமில்லை. சாமான் அடைத்தது போக மிச்சம் இருந்த தரை முழுக்கக் கோடு. எல்லாம் தையல் சாக்கட்டியால் இழுத்த கோடு. வெள்ளைக் கோடு முதலில் போட்ட மேஜை. நீலக் கோடு அதைக் குறைத்துப் போட்ட மேஜை. சிவப்புக் கோடு அதையும் குறைத்துப் போட்டது. மரத்தில் ஒரு மேஜைகூட இன்னும் எழுந்து நிற்கவில்லை. வீட்டுக்காரி தன் சொந்த வீட்டுக்குள் பாண்டி ஆடுகிறவள் மாதிரி தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெருவில் டெய்லரக்கா என்று பெயர். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடத்துச் சீருடை எல்லாம் தைப்பாள். அவள் புருஷனுக்கு ரேடியோக்காரர் என்று பெயர். அவர் ரேடியோவைத் திறந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது வருவதெல்லாம் டிவியும் இன்வெர்ட்டரும் வாஷிங்மெஷின் போர்டும்தான். ஆனாலும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். கடைத்தெருவில் அவர் கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு கடை பார்க்க அலைந்து அலுத்து, கடைசியில் வீட்டிலேயே மேஜை போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார். கடை மொத்தமும் சாக்கு மூட்டையாகவும் அட்டைப்பெட்டியாகவும் வீட்டுக்குள் வந்து இறங்கியது. ஊரார் டிவியெல்லாம் வயிறு திறந்தபடி சுவரில் சாய்ந்து நின்றன.

"ஆச்சாண்ணே?" என்று வாசலில் வந்து கேட்பார்கள்.

"மேஜை வரட்டும்" என்பார் அவர்.

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எத்தனை நாள் தலையாட்டுவார்கள்? பக்கத்துத் தெருவில் ஒரு பையன் கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக்கடை திறந்திருந்தான். எதிர்வீட்டு டீச்சர் தன் வாஷிங்மெஷின் போர்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. மேஜை வந்தால் தொழில் பிழைக்கும். இப்படியே இழுத்தால் தொழில் கையை விட்டுப் போய்விடும். அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் மேஜை மட்டும் வந்தபாடில்லை.

மேஜை செய்யப் போகிறவன் அவளுடைய தம்பி. நல்ல தச்சுக்காரன், வாய் கொஞ்சம் நீளம். முதல் நாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மாமா. என்ன அளவு?"

"நீளம் ஆறடி. முன்னுக்குப் பின் ரெண்டரை. உயரம் முப்பது இஞ்சு."

"நின்னுக்கிட்டுப் பார்ப்பீங்களா, உட்கார்ந்து பார்ப்பீங்களா?"

"ஈயம் வைக்கிறது உட்கார்ந்து. டிவி திறக்கிறது நின்னுக்கிட்டு."

"அப்ப ரெண்டு உயரம் ஆச்சே. முப்பதுல நின்னு பார்த்தீங்கன்னா ராத்திரி முதுகு பேசும்."

"அப்ப முப்பத்திநாலு போடு. ஸ்டூலை உசரமாப் பண்ணிக்கிறேன்."

"கால் தொங்குமே."

"கால் வைக்க கீழ ஒரு கட்டை அடிச்சுக் குடு."

"அது சரி. ஆறடி எதுக்கு மாமா? இந்த ரூமுக்கு அஞ்சு போதாதா?"

"டிவியைக் குப்புறப் படுக்க வைக்க வேணாமா? பெரிய டிவின்னா அதுவே நாலடி பிடிச்சுக்கும். மிச்ச ரெண்டடியிலதான் மீட்டரு, கழட்டுன ஸ்க்ரூ போடுற கிண்ணம், ஈயச்சுருள் எல்லாம். ஆறடிக்கு ஒரு இஞ்சு குறையக் கூடாது, சொல்லிட்டேன்."

இதைச் சொன்னது அவர்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு பேச்சை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆறடிக்கு ஒரு இஞ்சு குறையக் கூடாது' என்று அடித்துப் பேசிய அதே மனுஷர்.

தட்டு விஷயத்திலும் அவருக்குத் தெளிவு இருந்தது. மேஜைக்கு மேலே மூன்று தட்டு. கீழ்த்தட்டு மீட்டருக்கு, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. நடுத்தட்டு சில்லறைச் சாமான் டப்பாவுக்கு. மேல்தட்டு செத்த போர்டுகளுக்கு; செத்ததிலிருந்துதான் உயிருள்ள பாகத்தைப் பிடுங்கி அடுத்ததற்குப் போடுவார். மேலே போகப் போகத் தட்டு ஆழம் கூடவேண்டும் என்று தம்பி சொன்னதற்கு, கூடவே கூடாது, குனிந்து எழுந்திருக்கும்போது மண்டை பிளக்கும் என்று இவர் சொன்னார். தம்பி ஒத்துக்கொண்டான். அன்றைக்கு டீ குடித்து, எல்லோரும் சிரித்துப் பேசி, காரியம் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

முதல் குழப்பம் டேப்பில் வந்தது. சுவர் மூலையிலிருந்து தூண் மாதிரிப் புடைத்திருந்த இடம் வரைக்கும் கீழ்த்தட்டு. அந்த இடைவெளியை ரேடியோக்காரர் பெண்டாட்டியின் தையல் டேப்பால் அளந்து தம்பியிடம் சொல்லியனுப்பினார். தம்பி பலகை அறுத்துக்கொண்டு வந்து வைத்தான். பலகை அரை இஞ்சு குட்டை. ஒரு பக்கம் இடித்தால் மறுபக்கம் பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"நீங்க சொன்ன அளவு அப்படியே இருக்கு மாமா, வேணும்னா அளந்து பாருங்க. ராத்திரியோட ராத்திரியா உங்க சுவருதான் நகர்ந்து போயிருக்கு."

"சுவர் எங்கடா நகரும்?"

"பின்ன பலகை சுருங்குமா?"

கடைசியில் இரும்பு டேப்பையும் துணி டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார்கள். தையல் டேப் இழுபட்டு இழுபட்டு நீண்டு போயிருந்தது. தம்பி கைகொட்டிச் சிரித்தான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்த டேப்புலதான் இத்தனை வருஷம் தைக்கிறேன். யாராவது இறுக்குதுன்னோ தொளதொளன்னு இருக்குதுன்னோ வந்து நின்னாங்களாடா?"

"ஏன் வர்றாங்க? ஆளை அளக்கிறதும் இதுலதான், துணியை வெட்டுறதும் இதுலதான். ரெண்டு பொய்யும் சேர்ந்து உண்மையாப் போச்சு. நீ இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புது டேப் வாங்குனாத்தான்க்கா ஊர்ல யாருக்கும் ஜாக்கெட் சேராது."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். குழப்பத்துக்கெல்லாம் காரணம் டேப்தான் என்று அன்றைக்கு முடிவாயிற்று. இனி இரும்பு டேப்பைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள்.

இரும்பு டேப் வந்த பிறகும் அளவு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மாமா ஒத்திகை பார்க்கட்டும் என்று தம்பி ஆறடிப் பலகை ஒன்றை இரண்டு பெட்டிகள் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். ரேடியோக்காரர் அதில் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலை பார்த்தார். சாயங்காலம் எழுந்து, தரையில் நீலக் கோடு இழுத்தார்.

"ஆறடி கொஞ்சம் அதிகம்மா. அஞ்சு போதும்."

சரி, அஞ்சு. அடுத்து நாலரை. நாலரையோடு, மேஜையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு இஞ்சு உயரத்துக்குக் கரை கட்ட வேண்டும், சாமான் உருண்டு விழாமல் இருக்க என்றார். பிறகு சிவப்புக் கோடு. மூன்றேகால் அடி. பேச்சில் தட்டுகளும் மாறிவிட்டன. நீளமாகச் சுவரோடு ஓடிய தட்டுகள் இப்போது முகத்துக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாக ஏணி மாதிரி ஏற ஆரம்பித்தன.

சிவப்புக் கோட்டைத் தம்பி பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது என்ன மாமா, ஸ்டூலா?"

"மேஜைதான்."

"இதுல டிவி எப்படிப் படுக்கும்? பாதி மேஜையில, பாதி உங்க மடியிலயா?"

"நிமிர்த்தி வச்சுக்கிறேன்."

"நிமிர்த்தி வச்சுத் திறந்தா பேனல் விரிஞ்சு போகும்னு நீங்கதான சொன்னீங்க. ஆறடிக்கு ஒரு இஞ்சு குறையக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானா, இல்ல வேற யாராவது உங்க சட்டையப் போட்டுக்கிட்டு வந்தாங்களா?"

"சொன்னேன். இப்ப வேணாங்கிறேன்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்" என்று அவர் எழுந்து போனார். போகிற வேகத்தில் கதவு நிலையில் தோள் இடித்தது. நிலையைத் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. மாமாவுக்கு என்னாச்சு?"

"எனக்கு மட்டும் புரிஞ்சுதா?"

"மரம் பின்னாடி மழையில கிடக்குது. தார்ப்பாய் போட்டும் தண்ணி ஓரத்துல இறங்குது. பிளைவுட் ஊறிப் போச்சுன்னா அடுப்புக்குத்தான் ஆகும். நீயாவது கேட்டுச் சொல்லு."

அவள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் பதில் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலடியில் அவளுடைய தையல் மெஷின். கல்யாணமாகி வந்த புதிதில் பிடித்த இடம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு அந்த வெளிச்சம் கண் மாதிரி. கடையைக் காலி செய்துகொண்டு வந்த அன்று ரேடியோக்காரர் ஜன்னல் பக்கமாக நின்று, "இங்க போட்டா வெளிச்சம் நல்லா இருக்கும்ல" என்றார். அவள் தலையைத் தூக்காமலே, "இந்த ஜன்னலை மட்டும் கேக்காதீங்க" என்றுவிட்டாள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவர் மறுவார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஜன்னல் பேச்சையே எடுக்கவில்லை.

அதுதான் அவளை அறுத்தது. சண்டை போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டு முடித்திருப்பாள். இவர் சண்டை போடாமல் மேஜையைக் குறைத்துக்கொண்டே போகிறார். 'உனக்கு இடம் விட்டேன் பார், இன்னும் விடுகிறேன் பார், கடைசியில் ஒரு ஸ்டூல் அளவுக்கு ஒடுங்கிக்கொள்கிறேன், சந்தோஷமா?' என்று அந்தக் கோடு ஒவ்வொன்றும் அவளிடம் சொல்வதாகவே பட்டது. அது மட்டுமா? டீ கொண்டுபோய்க் கை எட்டும் தூரத்தில் வைத்தால் முழங்கையால் தட்டிவிடுகிறார். ஒரு தடவை என்றால் தெரியாமல் பட்டது எனலாம். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாலும் தட்டிவிடுகிறார். குளித்துவிட்டு வந்தவருக்குப் பக்கத்தில் நின்று துண்டை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், கை வலிக்கிறது, மனுஷர் வாங்காமல் கொடியைப் பார்த்துத் துண்டு தேடுகிறார். இதெல்லாம் கோபம் இல்லாமல் வேறென்ன?

அதோடு வேலை பார்க்கும்போது ஓயாத புலம்பல்.

"இங்க இருந்த கட்டரை யாரு எடுத்தா?"

"யாரு எடுக்கப் போறா? அங்கதான் இருக்கும், நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்க்கிறேன். இருந்தாத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டர் கிடைத்துவிடும். கிடைத்ததும் பேசாமல் வேலையைப் பார்ப்பார். அவள் மெஷின் மிதித்துக்கொண்டே, நம்மைக் குத்திக்காட்டத்தான் கேட்கிறார் என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுக்கே சலித்துப்போயிற்று. மனுஷர் யாருடைய இன்வெர்ட்டரையோ திருப்பிக் கொடுத்துவிட்டு வரக் குடையோடு கிளம்பியிருந்தார். வேலை பார்க்க இடமில்லாமல், பழுது பார்க்காமலே திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார்.  பெரிய ஜன்னல், பெரிய வெளிச்சம்! தொழிலை விடவா? எழுந்தாள். மெஷினைப் பிடித்து இழுத்தாள். இரும்புக்கால் தரையில் கிறீச்சிட்டது. மூச்சு வாங்க வாங்க, ஜன்னலடியிலிருந்து வாசல் பக்கத்துச் சுவரோரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஜன்னலடியைப் பெருக்கித் துடைத்தாள். இத்தனை வருஷத்து நூல் துண்டும் பொத்தானும் அங்கே கிடந்தன. வாரிக் கொட்டும்போது கொஞ்சம் அழுகை வந்தது. அழுதுவிட்டு, வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று சோற்றை வடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவர் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். உள்ளே வந்தவர் நேராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். காலியாக இருக்கிறதே என்ற ஆச்சரியம் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது எட்டில் இடது கால் மெஷின் இரும்பில் பலமாக மோதியது. மனுஷர் குப்புற விழுந்து இரண்டு கையையும் ஊன்றினார்.

"ஐயோ!" என்று ஓடிவந்து தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்தது.

"இத எதுக்கு இங்க கொண்டாந்து வச்ச?" என்று கத்தினார்.

"உங்களுக்காகத்தான் வச்சேன். ஜன்னல்தான வேணும்? எடுத்துக்கோங்க. ஆறடியோ அறுபதடியோ போட்டுக்கோங்க."

"ஜன்னல் வேணும்னு நான் கேட்டனா?"

"கேக்காமத்தான மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுறீங்க? டீ வச்சாத் தட்டி விடுறீங்க. துண்டு குடுத்தா வாங்க மாட்டேங்கிறீங்க. இப்ப என் மெஷினு அவ்வளவு பெருசா வாசல்கிட்ட நிக்குது, அது கண்ணுக்குத் தெரியாத மாதிரி வந்து மோதுறீங்க."

"டீயைத் தட்டி விடுறனா? நானா? கண்ட எடத்துல நீ வச்சிட்டுப் போவ, நான் தட்டி விடுறனா?"

"கைக்குப் பக்கத்துல வைக்காம வேற எங்க வைப்பாங்க? மேஜையை ஏன் குறைச்சுக்கிட்டே போறீங்க? அதுக்காவது நேராப் பதில் சொல்லுங்க. எனக்கு இடம் விடுறதுக்குத்தான?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் இறங்கிவிட்டது. இப்போது அவர் முகத்தில் இருந்ததும் குழப்பம்தான்.

"உனக்கு இடம் விடவா? அப்படியா நினைச்ச?"

"பின்ன?"

"சொன்னாச் சிரிக்கக் கூடாது. பெரிய மேஜையில சாமான் காணாமப் போகுதும்மா. கடையிலயே அப்படித்தான். வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்காது. அப்புறம் பார்த்தா அங்கேயே இருக்கும். பக்கத்துக் கடைக்காரன் வந்து எடுத்து விளையாடுறான்னு நினைச்சு அவன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதயே விட்டுட்டேன். மேஜை பெருசு, அதான் தொலையுதுன்னு தோணுச்சு. இங்க ஒத்திகை பார்த்தப்பவும் அதேதான். அஞ்சடி போட்டாலும் தொலையுது. நாலரை போட்டாலும் தொலையுது. மூணேகால்ல வச்சுப் பார்த்தேன், எல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி இருக்கு. அவ்வளவுதான் விஷயம். இதுல ஜன்னல் எங்க வந்துச்சு?"

அவளுக்கு ஒரு பக்கம் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. ஜன்னலுக்காக இல்லை, கோபம் இல்லை. இன்னொரு பக்கம் முன்னைவிடக் குழம்பியது. முப்பது வருஷம் பெரிய மேஜையில் பழகிய கைக்கு இப்போது ஏன் சாமான் தொலைகிறது? யோசித்து விளங்காததை அளந்தாவது முடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தொழில் அது.

"எந்திரிங்க. சிவப்புக் கோட்டுக்கிட்ட சுவரைப் பார்த்து உட்காருங்க."

"எதுக்கு?"

"உங்களையே அளந்துடுறேன், சட்டைக்கு அளக்கிற மாதிரி. கை எவ்வளவு தூரம் எட்டுதோ அவ்வளவு மேஜை. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், தம்பிக்கும் வேணாம். கை சொல்றதுதான் அளவு."

அவர் சிரித்தார். "இழுபட்ட டேப்பிலயா?"

"என் புருஷனுக்கு என் டேப்பு போதும்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அளவு கொடுக்க நிற்கிறவர்கள் எல்லோரும் டேப்பைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் தோள் சாய்ந்து அளவு கெட்டுவிடும். அதனால் யார் வந்து நின்றாலும் அவள் வாயில் முதலில் வருவது ஒரே பேச்சுதான்.

"நேராப் பாருங்க. திரும்பக் கூடாது."

அவர் சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் இடது பக்கம் வந்து நின்று டேப் முனையை அவர் காதுக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினாள்.

"இதைப் பிடிங்க."

அவர் பிடிக்கவில்லை.

"பிடிங்கங்க."

"எதை?"

"டேப்பைத்தான்."

"குடு, பிடிக்கிறேன்."

"குடுத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவர் தலையைத் திருப்பினார். மூக்குக்கு முன்னால் டேப் தொங்கியது. "முன்னாடியே காட்ட மாட்டியா" என்று வாங்கிக்கொண்டு மறுபடி ஆணியைப் பார்த்தார்.

அவள் தோளில் செருகியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல். பிறகு சாக்கட்டியை எடுத்து அவருடைய இடது காதுக்கு நேரே பிடித்து ஆட்டினாள். அவர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து ஆட்டினாள். ஆணி. இன்னும் கொஞ்சம். கை சுவரைத் தொட்டுவிடும் போலிருந்தது.

"சாக்கட்டி எதுக்கு?" என்றார் அப்போதுதான்.

சுவரில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். வலது பக்கம் போனாள். அங்கேயும் அப்படித்தான். அங்கேயும் ஒரு புள்ளி வைத்தாள். இரண்டு புள்ளிக்கும் நேர் கீழே, தரையில், அவர் இழுத்த சிவப்புக் கோட்டின் இரண்டு முனைகளும் இருந்தன. பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

"என்ன, அளவு சொல்லேன்" என்றார்.

 சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது?

"ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டுங்க. நேராப் பார்த்துக்கிட்டே."

"நீட்டிட்டேன்."

"விரலை ஆட்டுங்க."

"ஆட்டுறேன். அதுக்கென்ன?"

"தெரியுதா?"

"என்ன தெரியுதா?"

"உங்க கை."

ஆட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்தார். ஏதோ ஒரு இடத்தில் கைகள் அவருக்குத் தெரிந்தன. முகத்தில் அது தெரிந்தது. திரும்பப் பின்னால் கொண்டுபோனார். முன்னால். பின்னால். ஒயரில் எங்கே விட்டுப் போயிருக்கிறது என்று ஆட்டி ஆட்டிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான வேலைதான் அது. எத்தனை தடவை பார்த்தாலும் அதே இடத்தில் கை போய்விடுகிறது, அதே இடத்தில் வந்துவிடுகிறது.

"எல்லாருக்கும் இப்படித்தான இருக்கும்?" என்றார். "உனக்கும் இப்படித்தான?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி ஆசைப்பட்டாள். அவரோடு சேர்ந்து அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள். விரலை ஆட்டினாள். இரண்டு பக்கமும் விரல் ஆடுவது தெரிந்தது. இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம்கூடத் தெரிந்தது.

"இல்லீங்க. எனக்குத் தெரியுது."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.  இத்தனை நாளும் இந்த மனுஷரிடம் மனதுக்குள் சண்டை போட்டோமே என்று தன்னையே வெறுத்தாள்.

"அப்ப சாமான் தொலையலையா?" என்றார்.

"தொலையல."

"எல்லாம் அங்கேயேதான் இருந்துச்சா?"

"அங்கேயேதான் இருந்துச்சு."

"டீயும்?"

"டீயும்தாங்க."

"அந்தப் பக்கத்துக் கடைக்காரன் பாவம்" என்றார். இன்னும் கை நீட்டியபடியே இருந்தது. நீட்டியிருப்பதை மறந்துவிட்டாரோ என்னவோ. அவள்தான் ஒவ்வொன்றாக மடக்கி மடியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி பின்வாசல் வழியாக வந்து நின்றான். தலையில் சாக்கு, கையில் இரும்பு டேப், மேலெல்லாம் தண்ணீர்.

"அக்கா, தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு. பலகை ஓரமெல்லாம் உப்ப ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கே அறுத்தாகணும். மாமா, மூணேகாலோ முக்கால் அடியோ, ஒரு அளவைச் சொல்லி முடிங்க. இனிமே நான் கேள்வி கேக்க மாட்டேன்."

"இன்னிக்கு அறுக்காதடா" என்றாள் அவள். "டாக்டரைப் பார்த்துட்டு வந்து அளவு சொல்றோம்."

"மேஜைக்கு டாக்டரு அளவு சொல்லணுமா? நல்ல குடும்பம்க்கா இது!"

யாரும் சிரிக்கவில்லை. தம்பி மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், வாசல் பக்கம் வந்திருந்த மெஷினைப் பார்த்தான். தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கீழே வைத்தான்.

"கண்ணுக்கு மாப்ள" என்றார் ரேடியோக்காரர். "மேஜை சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கேன்."

தம்பி சாக்கை மறுபடி எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். "ஆட்டோ கூட்டிட்டு வர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடினான்.

அவர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் அவர் தோளை ஒட்டினாற்போல நின்றிருந்தாள். மூச்சு விட்டால் படும் தூரம். அவர் சட்டைக் கையில் பிரிந்திருந்த தையல்கூட அவளுக்குத் தெரிந்தது.

"ஏம்மா" என்றார். "நீ எங்க இருக்க?"

"இங்கதாங்க. பக்கத்துலதான் நிக்கிறேன்."

அவர் தலையைத் திருப்பப் போனார். "வேணாம், நீங்க திரும்பாதீங்க" என்று சொல்லி, அவள் சுற்றி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள்.